நடு நிப்பிள்

வெர்மான்ட்டில் ஏப்ரல்.
டெல்ஃபீன் மல்லாந்து கிடக்கிறாள்
சின்ன டிராக்டரின் புல்வெட்டிக்கு அடியில்.

இடது சுழல்தண்டுக்கு நாலு அழுத்து.
கறுத்த பழசு பிதுங்கி வருகிறது
பின்னாலேயே புதுசு, தேன் நிறத்தில்.
வலதுக்கும் அப்படியே.

நடுவில் இருப்பது மட்டும்
கிரீஸ் கன்னை வழுக்கிவிடுகிறது.
தடவிப் பார்த்தாள். மண்ணெண்ணெய் விட்டாள்.
பேர் சொல்லித் திட்டினாள்,
போன கோடையில்
"எல்லாத்துக்கும் போட்டாச்சு" என்ற
மைத்துனன் அர்மாண்டை.

பெல்ட் மூடியைக் கழற்றினால்
நிப்பிளின் தலையில்
கம்பெனி மாட்டியனுப்பிய சிவப்புத் தொப்பி
ஆறு வருஷமாய், அழுக்குகூடப் படாமல்.

அர்மாண்ட் போட்டது ஒரு வருஷம்.
மிச்சம் ஐந்தும்
இவள் கை.

தொப்பியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டாள்.
கொட்டகை வாசலை ஒருமுறை பார்த்தாள்.

ஏழு, எட்டு, ஒன்பது...
பதினொன்றாம் அழுத்துக்கு
ஏப்பம் விட்டது பேரிங்.