பத்தொன்பதாம் வரி

குருசடைத் தீவில் கடல் உள்வாங்கிய காலை.
படிவத்தில் பதினெட்டு வரிகள் நிரம்பியிருந்தன:
ஆலா, உள்ளான், கல்திருப்பி,
நாரை ஒன்று, பக்கத்தில் கேள்விக்குறியோடு.

அப்போது பூவரசின் உச்சியில்
தேங்காய் காய்த்திருந்தது.

"பொட்ட மயிலு" என்றார்
நங்கூரம் போட்டுக்கொண்டிருந்த வேதாளை நயினா முகம்மது.
பிறகு, "காக்காய விடப் பெருசு."
அதில் மட்டும் தப்பில்லை.

தொலைநோக்கியில் உப்பு பூத்திருந்தது. துடைத்தேன்.
சாம்பல் தலை. சாம்பல் நெஞ்சு,
அதில் லேசாக ரோஜா நிறம்
இருந்ததா, நான் ஆசைப்பட்டேனா.
முதுகைத் திருப்பியது:
வெயிலில் பச்சை, மேகம் மறைத்தால் செம்பு,
பரமக்குடித் தறியில் இரண்டு நூல்
மாறி மாறி ஓடியதுபோல.
வாலடியில் பழைய செங்கல்.
கால் சிவப்பு.

மாடப்புறா என்றால் கழுத்தில் எண்ணெய் சிந்தியிருக்கும்.
மரகதப்புறா இதன் இறக்கைக்குள் அடங்கிவிடும்.
பச்சைப்புறாவுக்கு மஞ்சள் கால்.
இது யாரோ.

கூப்பிட்டிருந்தால் தெரிந்திருக்கும்,
கிணற்றுச் சுவரில் குடம் முட்டும் குரலாம்.
அது கூப்பிடவில்லை.

மரிக்கொழுந்துப் பாசிச் சாக்கோடு
கரையேறினாள் சின்னப்பாலம் இருளாயி.
(அவள் வந்ததைப் படிவம் கேட்கவில்லை.)
விரலில் சுற்றிய துணியை அவிழ்த்தபடி
எல்லாரும் மேலே பார்க்க, அவள் கீழே பார்த்தாள்.
எச்சத்தில் ஒரு கொட்டை, கோலிக்குண்டு பருமன்,
சிவப்பாய் ஏதோ இன்னும் ஒட்டியிருந்தது.
கடல் தண்ணீரில் அலசி முகர்ந்தாள்.
"பிரியாணி வாசம்."
நயினா முகம்மது சிரித்தார்,
வாங்கி முகர்ந்தார், சிரிப்பு நின்றது.
"இந்தக் காய் இங்க இல்ல. பாம்பன்லயும் இல்ல."

மூன்று பேரும் கிழக்கே பார்த்தோம்.
கிழக்கே எதுவும் தெரியாது, கண்கூச்சம்தான்.

இருளாயி இப்போதுதான் நிமிர்ந்தாள்.
"அங்கருந்தா வர்ற?
தலைமன்னார்ல எங்க படகு
இன்னும் மக்காம கெடக்குதா?"

புறா கழுத்தை நீட்டியது.
கிளை ஒரு முழம் மேலே எழும்பியது,
அதில் புறா இல்லை.
ஈரச்சாக்கை யாரோ உதறும் சத்தம்
கொஞ்ச தூரம் கேட்டது.

பெரும்பச்சைப் புறா என்று எழுதினேன்.
எண்ணிக்கை: ஒன்று.
உள்ளூரா, வலசையா என்ற கட்டத்தில்
பேனா நின்றுவிட்டது.

சான்றுக்கு அந்தக் கொட்டையைக் கேட்டேன்.
போட்டிருந்த ஆண்சட்டையின் பையில் போட்டுக்கொண்டு
"ஒரு கை கொடுங்க" என்றாள், சாக்கைக் காட்டி.
தூக்கினேன்.
நினைத்ததைவிடக் கனம்.