ஆறில் ஒன்று

மாலை ஆறு மணிக்குப் பலூன் விட்டேன்.
அறுநூறு மீட்டர் வரை குளிர்ந்துகொண்டே போனது.
அதற்கு மேல் சட்டென்று பன்னிரண்டு டிகிரி ஏற்றம்,
அட்டகாமாவின் காய்ந்த காற்று
குளிர்ந்த கடலைச் சட்டிபோல் மூடியிருந்தது.

மழை விஷயத்தில் இந்தக் கரையில்
வானம் என்றைக்குமே பொய்த்ததுதான்.
இன்றிரவு தூரத்திலும் பொய்க்கும் என்று
எழுதிக் கையெழுத்திட்டேன்:
மாரித்சா யாங்கிலேயோ, வானிலைப் பிரிவு.

கேப்டன் ஓயார்சோ கேட்டார்:
“ரேடாருக்குக் கண் தெரியுமா, தெரியாதா?
ஒரே சொல்லில்.”
ஒரே சொல் என்னிடம் இல்லை.
மூடிக்குக் கீழே மாட்டிய அலை
தப்ப வழியின்றி முந்நூறு மைல் ஓடும்.
மூடியை ஒட்டிப் பறந்து வருவது
தெரியாமலே போகலாம்.
“எட்டூர் தெரியும், எதிர்வீடு தெரியாது என்கிறாய்.”
“அப்படித்தான், ஐயா.”
தேநீரை முடிக்காமல் போனார்.

இரண்டே கால் மணி.
வடமேற்கே திரையில் ஆறு புள்ளிகள்.
சிலோயே தீவுக்காரன் பார்ரியா,
இருபத்திரண்டு வயது,
அபாயமணிக்குக் கையைக் கொண்டுபோய்விட்டான்.

பொறு. கப்பல்கள் இல்லை அவை,
பெரு நாட்டு மலைகள்.
முதல் கேள்விக்கான பதில்
தாமதமாக வந்து
இரண்டாம் கேள்விக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது.
(வீட்டில் நானும் ரெனாத்தோவும்
பேசிக்கொள்வது இந்த விதமாகத்தான்.)

கேட்கும் இடைவெளியை மாற்று.
கப்பலென்றால் நிற்கும், மலையென்றால் துள்ளும்.

மாற்றினான்.
ஒன்று துள்ளியது. இரண்டு. சற்றுப் பொறுத்து மூன்று.
ஐந்து மலைகள் கடலில் இடம் மாறி அமர்ந்தன.

ஆறாவது அசையவில்லை.

கமஞ்சாகா மூடுபனி. விளக்கடித்தால் பால்.
மெல்ல நெருங்கிச் சங்கு ஊதினோம்.
பதிலுக்கு யாரோ தகரத்தைத் தட்டினார்கள்.
மரப்படகு. இன்ஜின் செத்து இரண்டு நாள்.
மூன்று பேர், வாளி நிறையக் கணவாய்.

ஒழுங்கான காற்றடித்த இரவாக இருந்திருந்தால்
அத்தனை தொலைவில் அந்த மரத்துண்டு
திரையில் விழுந்தே இருக்காது.
இதை எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று
படிவத்தில் தேடினேன். இல்லை.
எழுதினேன்:
சொன்னது, ஆறும் பொய். கண்டது, ஐந்து.

மேலே ஏறிய கிழவர்
என் தோள்பட்டைச் சின்னத்தைப் பார்த்துவிட்டு,
போர்வைக்குள்ளிருந்து,
“மழை வருமா, அம்மணி?” என்றார்.
கிண்டல்தான்.

வராது என்றேன்.
அன்றிரவு நான் சொன்னதில்
யோசிக்காமல் சொன்னது அது ஒன்றுதான்.