முள்ளுக்குச் சட்டை

மழுங்கிய துளைமுட்களை
மருத்துவமனைக் குப்பையில் நான் போடுவதில்லை.
கொதிநீரில் அவித்து
மாத்திரை டப்பாவில் அடைத்து
விட்டுஸிடம் கொண்டுபோவேன்.
பல்லுக்கு மழுங்கினது கொம்புக்குக் கூர் என்பான்.

டசீலாக்கில் அக்டோபர் மாதம்.
விரிகுடாவில் பனிப்பாளங்கள்
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு இடம் கேட்கின்றன.
அவன் மேசையில்
மேற்குக் கரையிலிருந்து கப்பலேறி வந்த கலைமான் கொம்பு.
அதற்குள் ஒரு துப்பிலாக்,
பாதி மனிதன் பாதி சீல் ஆன பேயுரு,
மூக்கில்லாமல் காத்திருக்கிறது.

சுழல்கருவியின் வாய் மூன்று புள்ளி இரண்டு மில்லிமீட்டர்.
எங்கள் முள்ளின் தண்டு ஒன்று புள்ளி ஆறு.
சரிபாதி.
அப்பன் செருப்பில் பிள்ளைக் கால்போல
உள்ளே லொடலொடவென்றது.

முதலில் ஒட்டுநாடா சுற்றிப் பார்த்தான்.
நிமிடத்துக்கு இருபதாயிரம் சுற்று.
பசை சூடேறி இளகியது, அவ்வளவுதான்,
முள்ளைக் காணோம்.
தரையைப் பெருக்கினோம், காந்தம் விட்டுத் துழாவினோம்.
கடைசியில்
கதவில் தொங்கிய சீல்தோல் கையுறையின் கட்டைவிரலில் இருந்தது,
தோலைத் துளைத்து, பலகையோடு சேர்த்துத் தைத்தபடி.

"கை உள்ளே இல்லை" என்றான் விட்டுஸ்.
வேறொன்றும் சொல்லவில்லை.
ஆறிப்போன காபியை இருவரும் குடித்தோம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை
படியேறும்போதே பெனடிக்டேயின் குரல் கேட்டது.
அவளுடைய டிரான்சிஸ்டரில் ஏரியல் இல்லை.
ஒன்றுக்குள் ஒன்று ஒளியும் ஏழு குழாய்களும்
துண்டு துண்டாக மேசைமேல் கிடந்தன,
அறுபட்ட வாயெல்லாம் பித்தளை மஞ்சள்.
"செத்த ரேடியோ என்று நினைத்தேன்."
"காலையில்தான் எனக்குக் காற்று நிலவரம் சொன்னது."
அவன் தலையை நிமிர்த்தவில்லை.
அரம் போட்டுக்கொண்டிருந்தான்.

மெல்லிய குழாய்மேல் அடுத்தது,
அதன்மேல் அடுத்தது,
அளவுகோலின் இரு தாடைகளும் சரி என்னும்வரை.
விரற்கடை நீளம்.
நீளவாக்கில் ஒரு கீறல்,
கருவியின் வாய் இறுகினால் குழாயும் இறுக.
ஒரு கீறல் போதவில்லை.
ஒருபக்கமாக மூடிக்கொண்டது,
முனை புள்ளி வைக்க வேண்டிய இடத்தில்
வட்டம் போட்டது.
அதைத் தூக்கி எறிந்தான்.
இரண்டாவதில் மூன்று கீறல், சம தூரத்தில்,
ஒன்றும் மறுமுனையைத் தொடாமல்.
தண்டு மறையும்வரை முள்ளை உள்ளே தள்ளினான்.
வெளியே நீட்டிய அளவுக்கு வம்பு.

ஸ்னோமொபைல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு
தகர வாளிக்குள் கருவியின் தலையை விட்டு ஓட்டினான்.
நான் கதவுக்கு வெளியே நின்றேன்.
கையுறையை நினைத்தால் யாரும் நிற்பார்கள்.
ஐயாயிரம்.
பத்தாயிரம்.
வாளி கிணுங்கவில்லை.
எட்டிப் பார்த்தேன்:
பம்பரம் தூங்குமே, அதுபோல
முள் நின்ற இடத்திலேயே நின்றது.
ஓடுகிறதா என்று விரல் வைத்துப் பார்க்கத் தோன்றியது.
கையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"போன வருஷம் என் கடைவாய்ப்பல்லைக் குடைந்தது
இந்த முள்தானோ?"
வாயைத் திறந்து காட்டினான்.
இருக்கலாம், முள்ளுக்குப் பெயர் எழுதி வைப்பதில்லை.
கொம்பின் தூள் எழுந்தது,
பல் தீயும் அதே வாடை.
பேயுருவுக்கு ஒரு மூக்குத்துளை வந்தது.

பெனடிக்டே ஒரு கோட் மாட்டியை நிமிர்த்தி
ரேடியோவின் முதுகில் செருகியிருந்தாள்.
முன்னைவிடத் தெளிவாகப் பேசியது அது:
இன்றிரவு பித்தராக்,
பனிமேட்டிலிருந்து இறங்கும் காற்று,
படகுகளைக் கட்டுங்கள்,
வீட்டைவிட்டு வெளியே போகாதீர்கள்.

விளக்கு இருமுறை கண்சிமிட்டி அணைந்தது.
கருவி முனகி நின்றது.
இரண்டாம் மூக்குத்துளைக்கு
பென்சில் புள்ளி மட்டும்.

காற்று வலுக்குமுன் வீடு போய்ச் சேர வேண்டும்.
என் கையுறை மருத்துவமனையில்.
கதவில் தொங்கியதை எடுத்து நீட்டினாள் பெனடிக்டே,
யாரும் அதைத் தைத்திருக்கவில்லை.
பாலம்வரை ஓடினேன்.
உடம்பெல்லாம் மூடியிருந்தது.
கட்டைவிரலில் மட்டும்
ஒன்று புள்ளி ஆறு மில்லிமீட்டர் குளிர்.