பூங்கொத்தோடு மேடையில்

மேடைக்கு ஐந்து படிகள்.
மூன்று வருடம் ஏறி இறங்கியும்
அன்றுதான் எண்ணினேன்.

மேலே நின்றிருந்தேன்,
கண்ணாடித்தாள் சுற்றிய கார்னேஷன் பூங்கொத்தோடு.
வகுப்பில் நெட்டை என்பதால் வந்த வேலை:
நடிகை மேடையேறியதும் கொடு,
சிரி, பின்வாங்கு.

தகரக் கூரைமேல் ஜூலை மழை.
தெற்குச் சிலியில் ஜூலை என்றால்
காலுறை காயாத மாதம்.
சுரங்கம் மூடிய எங்கள் ஊருக்கு
வெளியாள் யாராவது வந்தால்
தலைமையாசிரியர் பாஸ்தியாஸ் சிவப்பு டை கட்டுவார்.
அன்று கட்டியிருந்தார்.
பின்சுவரில் பதாகை:
முடியாதது எதுவுமில்லை.
கடைசி எழுத்துகள் இடம் போதாமல்
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன.

ஹிமேனா கிலோத்ரான் வந்தார்.
எட்டரை மணித் தொடரில்
மூன்று கணவர்களுக்கு நஞ்சு வைத்தவர்.
அம்மா அவரைத் திட்டிக்கொண்டே வெங்காயம் நறுக்குவாள்.
தொடரில் எப்போதும்
ஒரு பெரிய மேசைக்குப் பின்னால்தான் இருப்பார்.
ஏன் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை.

நாற்காலிச் சக்கரங்கள்
சிமெண்டுத் தரையில் இரண்டு ஈரக்கோடு இழுத்து
படிகளுக்கு முன் வந்து நின்றன.

தலைமையாசிரியர் கைதட்டி அழைத்தார்:
உடற்பயிற்சி ஆசிரியர், காவலாளி,
மேல்வகுப்புத் தடியன்கள் இருவர்.
"தூக்கிவிடுகிறோம் அம்மணி, ஒரு நிமிஷம்தான்."
சட்டைக் கைகள் மடிந்தன.

அவர் பிரேக்கைப் போட்டார்.
அந்தச் சின்ன 'டக்'
மழையை மீறி எனக்குக் கேட்டது.

"பல்கலைக்கழகத்தில் தூக்கினார்கள்.
அமைச்சகத்தில் தூக்கினார்கள்,
எங்கள் உரிமையைப் பற்றிப் பேசுவதற்காக.
போன வசந்தத்தில், ஊர்வலத்தில்
போலீஸ்காரர்கள் தூக்கினார்கள்.
உண்மையைச் சொன்னால்
அவர்கள்தான் கொஞ்சம் பக்குவமாகத் தூக்கினார்கள்.
இன்றைக்கு எனக்கு எடை கூடிவிட்டது.
இங்கேயே இருக்கிறேன்."

யாரும் சிரிக்கவில்லை.
பிறகு யெர்கோ சிரித்தான்.
பிறகு கூடமே.

மைக் கம்பி மேடை விளிம்பைத் தாண்டவில்லை.
அவருக்கு அது தேவைப்படவும் இல்லை.
அடிவயிற்றிலிருந்து எழுந்த குரல்
மழையை விலக்கிக்கொண்டு
கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தது.
கனவைப் பற்றி ஒரு சொல் இல்லை.
சம்பள ரசீதைப் பற்றிப் பேசினார்.
ஒத்திகைக் கூடத்தில் கழிவறைக் கதவின் அகலம்
எத்தனை சென்டிமீட்டர்,
தன் நாற்காலி எத்தனை,
கழித்துப் பாருங்கள் என்றார்.
கணக்கில் தோற்ற யெர்கோகூட
விரல் மடக்கிக் கழித்தான்.

அவர்களுக்கெல்லாம் அவர் முகம்.
மேடையிலிருந்த எனக்குப் பிடரி மட்டும்:
ஒரு மச்சம்,
பேசப் பேச நழுவிக்கொண்டே வந்த
ஒரு கொண்டையூசி.

மேலே மிஞ்சியது நானும் தலைமையாசிரியரும்.
அவருக்கு இறங்கத் தோன்றவில்லை.
எனக்கு உத்தரவில்லை.
மூச்சு விடும்போதெல்லாம் கண்ணாடித்தாள் சரசரத்தது.
உயரம் இத்தனை கூச்சமான இடம் என்று
எனக்குத் தெரியாது.

இறங்கினேன்.
கடைசிப் படியில் விளிம்பு உடைந்திருக்கிறது.
கவனம்.

பூங்கொத்தை நீட்டினேன். சிரிக்க மறந்துவிட்டேன்.
"மூன்றாம் கணவனை ஏன் கொன்றீர்கள்?"
வேறெதுவும் வாயில் வரவில்லை.
"ஒப்பந்தம் அப்படி" என்றார்.
கொஞ்சம் யோசித்து,
"நல்லவன், பாவம்."

ஆகஸ்டில் நகராட்சிக்குக் கடிதம் எழுதினோம்:
ஒரு சாய்தளம், இத்தனை மீட்டர்,
இத்தனை மூட்டை சிமெண்டு.
பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது.
முத்திரை மிக அழகு.

டிசம்பரில் பட்டமளிப்பு.
முதல் பெயரைக் கூப்பிட்டார்கள்.
அவள் கீழேயே நின்றாள்.
இரண்டாவது பெயர். அவனும்.
யாரும் யாரிடமும் பேசிவைத்திருக்கவில்லை,
குறைந்தது நான் பேசிவைக்கவில்லை.

சான்றிதழ்க் கட்டைக் கையில் பிடித்தபடி
மேலே தனியாக நின்றார் பாஸ்தியாஸ்,
அன்று நான் நின்ற அதே இடத்தில்.
எழுபத்தொரு பேரைப் பார்த்தார்.
டையைத் தளர்த்தினார்.
பிறகு குனிந்து, காலடி பார்த்து
இறங்கத் தொடங்கினார்.

அவர் உதடுகள் அசைந்தன.
எண்ணுகிறார்.