அரிதாரம்

சம்பாவில் ஜனவரி. மின்சாரம் போய் மூன்று மணி நேரம்.
தகர அடுப்பில் தேவதாருப் புகை.
சுதர்ஷனா ஜரியால் கையுறையைக் கழற்றி
ஓவியத்தின் முதுகைத் தடவுகிறாள்.
முந்நூறு வருஷத்துக்கு முன் எவனோ
கல்லால் தேய்த்த வழவழப்பு
இன்னும் விரலை வழுக்குகிறது.

முன்பக்கம் வேறு கதை.
பூச்சி மாமரத்தைத் தின்றிருக்கிறது,
கொக்கு வரிசையில் இரண்டை,
பிறகு கண்ணனை.
நீலம் முழுக்க, குழல் பிடித்த விரல்வரை.

"எங்கள் ஊரில் இந்தப் பூச்சிக்குப் பேர் இராமபாணம்" என்றேன்.
"அண்ணாவதாரம் தம்பியைத் தின்றுவிட்டதா?"
சிரித்ததில் டார்ச் ஆடியது.

பட்டு மட்டும் அப்படியே,
ஆளில்லாமல் இடுப்பை ஒடித்து நிற்கிறது
மஞ்சளாய்.
அரி போனான், அரிதாரம் நின்றது.
நஞ்சு. நாக்கில் பட்டதும்
பூச்சி திரும்பிப் போயிருக்கும்.

தீட்டியவன் எங்கே திரும்புவான்?
அணில் வால் மயிரை
ஒவ்வொரு மடிப்புக்கும் உதட்டில் வைத்து முறுக்கியிருப்பான்.
என்ன ருசி என்று
ஓரத்தில்கூட எழுதி வைக்கவில்லை.

ராதையின் கழுத்தில் மரகதம்:
பொன்வண்டுச் சிறகின் நறுக்கு,
டார்ச்சைச் சாய்த்தால் பச்சை, இன்னும் சாய்த்தால் ஊதா.
அவள் பார்ப்பது
அந்தப் பட்டுக்குச் சற்று மேலே,
முகம் இருந்த உயரத்தில்.

பழக்கதோஷத்தில் பஞ்சுத் திரியை
நாக்குக்குக் கொண்டுபோன சுதர்ஷனா
பாதியில் நிறுத்தினாள்.
கீழே ராவி இரைந்துகொண்டிருந்தது.

டீ வந்தது.
இருவரும் எழுந்து கை கழுவப் போனோம்,
சோப்புப் போட்டு, இரண்டு தரம்,
பல் கிட்டும் தண்ணீரில்.