முப்பத்தொரு மீட்டரில் ஒரு பீடிக்கட்டு

ஐயா,
தங்கள் நிலையத்தின் சனிக்கிழமை ஒலிபரப்பு
கடையநல்லூரில் கேட்டது.
ஆனி மாதம். குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டது.
தறிக்கொட்டகைக் கூரைக்கும் முருங்கைக்கும்
நான் இழுத்துக் கட்டிய செம்புக் கம்பி
மேல்காற்றில் ஆடுவதால்
ஒலி வந்து வந்து போனது.
பிழை உங்களுடையது அல்ல.

கருவி: நாலு வால்வு மர்பி,
தென்காசியில் ஏலத்தில் எடுத்தது.
ஒலி வலிமை மூன்று.
இடையூறு இரண்டு.
பீக்கிங்காரர்கள் பக்கத்து வரியிலேயே
பந்தி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

முதலில் உங்கள் பறவை சிரித்தது.
உம்மா வழக்கம்போல்
'எந்தக் கிறுக்கனைப் பிடிச்சு
உள்ள உக்கார வச்சிருக்கானுவ' என்றாள்,
சொளவில் இலையைத் தட்டிக்கொண்டே.

நிகழ்ச்சி: பழைய பட்டாளத்துக் கதைகள்.
இசைத்தட்டில் கீறல் இருந்தது,
சோளம் பொரிவதுபோல்.
ஒரு சமையல்காரர் வெங்காயம் இல்லாமல்
முந்நூறு பேருக்குக் குழம்பு வைத்ததைச் சொன்னார்.
பூட்ஸுக்குப் பாலிஷ் போடாதவனுக்கு
என்ன தண்டனை என்று இன்னொருவர்.
எல்லோரும் சிரித்தார்கள்.
எதற்கு என்று பாதி புரியவில்லை.
உங்கள் இங்கிலீஷ்
என் பள்ளிக்கூடத்துக்கு வந்ததில்லை.

எட்டு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு
தொண்டையில் சரளைக்கல் உருளும் ஒருவர் பேசினார்.
சிங்கப்பூர்.
கைதிகளாகத் துறைமுகத்தில் மூட்டை ஏற்றினார்களாம்.
கம்பிக்கு அந்தப் பக்கம்
ஒரு தமிழன் நின்றானாம்.
காவல்காரன் திரும்பிய நேரம் பார்த்து
ஒரு கட்டுப் பீடியை வீசினானாம்.
இவர்கள் பொறுக்கிக்கொண்டார்கள்.
அவனுக்குத் துப்பாக்கிக் கட்டையால் ஒரு அடி.
'அவன் பெயர்...' என்று அவர் தொடங்கியதும்
அலை போய்விட்டது.
நாற்பது நொடி.
கைக்கடிகாரம் பார்த்து எழுதியிருக்கிறேன்.
திரும்பி வந்தபோது பேண்டு வாத்தியம்.

என் வாப்பா முத்துவாப்பா
தஞ்சோங் பகாரில் மூட்டை தூக்கியவர்.
நான் ஏழு மாதக் கருவாக இருக்கும்போது கப்பலேறினார்.
பதினோரு ரூபாய்க்கு ஒரு மணியார்டர் வந்தது.
பிறகு ஜப்பான்காரன் வந்தான்.
அதற்குமேல் எங்களிடம் காகிதம் இல்லை.

உம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.
பதினேழாவது பீடியில் கை நின்றது.
'வாப்பாவா இருக்கலாமோ' என்றேன்.
நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.
'ஒத்தப் பீடியை மூணு தடவ
அணைச்சு அணைச்சுக் குடிக்கிற மனுசன்.
கட்டோட எறிஞ்சாகளாக்கும்!
போலே, வேற எவனாவது இருக்கும்.'

பதினெட்டு. பத்தொன்பது.
சங்கு ஊதி
தறிக்காரர்கள் வீட்டுக்குப் போன பிறகு
கேட்டாள்:
'அந்த அடி எங்கன விழுந்துச்சாம்?
மண்டையிலயா, முதுகிலயா?'

மறுநாள் பீடிக்கடையில்
ஒரு கட்டில் இருபத்துநாலுதான் இருந்ததென்று
கணக்கப்பிள்ளை கூலியில் பிடித்துக்கொண்டார்.
இது உங்களுக்குத் தேவையில்லாத விவரம்.
எழுதிவிட்டேன், அடிக்க மனமில்லை.

வழக்கமான அத்தாட்சி அட்டை வேண்டாம்.
கங்காரு போட்டது பதினாலு வைத்திருக்கிறேன்.
இன்ன நாளில் இன்ன அலைவரிசையில்
நான் கேட்டது உண்மை என்று
ஒவ்வொன்றும் சொல்கிறது.
நான் கேட்காத நாற்பது நொடிக்கு
ஏதாவது அட்டை இருந்தால் அனுப்புங்கள்.
பெயர் தெரியாவிட்டாலும் சரி.
உம்மாவின் கேள்விக்கு மட்டும்,
தட்டை இன்னொரு முறை சுழலவிட்டு.

மொத்தத் தரம்:
இரண்டு என்று போட்டு அடித்திருக்கிறேன்.
உம்மா அஞ்சு போடச் சொல்கிறாள்.
விதிப்படி அது முடியாது.
மூன்று.

இப்படிக்கு,
மு. துராப்சா,
நெசவாளர் கூட்டுறவுச் சங்க எழுத்தர்,
கடையநல்லூர், திருநெல்வேலி ஜில்லா.