உலர் எடை

கடிதத்தின் முதல் சொல்லே மகிழ்ச்சி.
இந்த மாதம் முதல் அறுபது ரியால் கூடுதல்.
இரண்டாம் பக்கத்தை
மரிசெல் மட்டும்தான் திருப்பினாள்.
மருந்துப்பெட்டிக்குள் மடித்து வைத்த
பொடி எழுத்துத் தாளையும் வாசிக்கிறவள் அவள்.

"பஸ் இல்லை" என்றாள்.
"ரூமுக்கு இனி வாடகை."
அப்புறம் சிரித்துவிட்டாள்.
"விமான டிக்கெட் சம்பளத்துக்குள்ளேயே இருக்காம்,
தேடிப் பாருங்க."

தேடினோம்.

சோஹாரில், கடலுக்கு முதுகு காட்டி நிற்கும்
தனியார் ஆஸ்பத்திரி எங்களுடையது.
டயாலிசிஸ் பிரிவில் பன்னிரண்டு நாற்காலிகள்.
வருகிறவரை எடை பார்ப்போம்,
போகும்போது மறுபடியும்.
நடுவே நாலு மணி நேரம்,
உடம்பில் மிகையாய்த் தங்கிய நீரை எடுப்போம்.
எடுத்து முடித்ததும் ஒருவர் நிற்கவேண்டிய எடைக்கு
உலர் எடை என்று பெயர்.
அதற்கும் கீழே இழுத்தால்
கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்,
கண் இருட்டும்.
சிலர் பேசிக்கொண்டே சாய்ந்துவிடுவார்கள்,
பாதி வாக்கியத்தில்.

எனக்கு முன்னால் செய்தி ஊருக்குப் போய்விட்டது,
ஷைனியின் நாத்தனார் வழியாக,
சபையின் வாட்ஸ்அப் வழியாக.
"கூட்டிட்டாவளாமே" என்றார் என் வீட்டுக்காரர்,
குலசேகரத்திலிருந்து.
அந்தக் குரலில் ஏற்கெனவே
ஒரு புதுச் சீட்டு சேர்ந்தாயிற்று.
"ஆமா" என்றேன்.
கூட்டியது கடல் தாண்டும்.
வெட்டியதை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை.

மகள் போனைப் பிடுங்கினாள்:
"அப்ப கிறிஸ்மசுக்கு வருவியாம்மா?"
டிக்கெட் சம்பளத்துக்குள்ள இருக்கு மக்ளே,
சொல்ல வாயெடுத்து
கணக்குப் பரீட்சை எப்படி என்று கேட்டேன்.

இரவு ஷிஃப்டுக்கு வந்துகொண்டிருந்த
சோறும் பருப்பும் நின்றது
இரண்டாம் பக்கத்தில்கூட இல்லை.
ஒருநாள் அந்தச் சிறு ஜன்னல் திறக்கவில்லை,
அவ்வளவுதான்.
துணி வெளுக்கும் ஆளும் அப்படியே காணாமல் போனார்.
இப்போது எங்கள் குளியலறைக் கம்பியில்
தலையில்லாத நாலு நர்சுகள்
விடிய விடியச் சொட்டிக்கொண்டு தொங்குகிறார்கள்.

அறுபதில் வாடகைக்கு முப்பத்தைந்து.
டாக்சிக்கு, ஒரு நாளைக்கு
குறைந்தது இரண்டு என்று வைத்தாலும்
மாதத்துக்கு
ஏழாம் நாற்காலியின் மெஷின் அலறியது.
ஓடினேன்.
கணக்கு அந்தச் சீட்டின் பின்பக்கம்
அப்படியே கிடக்கிறது.

ஏழாம் நாற்காலி கல்ஃபான்.
ஆரஞ்சு வெள்ளை டாக்சி ஓட்டுகிறவர்.
அன்று மதியம் அவரிடமிருந்து
இரண்டரை லிட்டர் எடுத்து,
வீட்டுக்குப் போய்ப் படுங்கள்
என்று சொல்லி அனுப்பியிருந்தேன்.

இரவு பதினொன்றுக்கு கேட்டில் நின்றேன்.
காற்று, யாரோ வாயைத் திறந்து ஊதுகிறமாதிரி.
பஸ் நிற்கும் இடத்தில்
எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.
வந்து நின்ற டாக்சியின் ஸ்டியரிங்கில்
நான் ஒட்டிய பிளாஸ்திரி.

"படுக்கச் சொன்னேனே" என்றேன்,
பாதி இந்தி, பாதி அரபி.
"பேங்க் படுக்கவில்லையே" என்றார்,
அதே கலவையில்.

வழியெல்லாம் இருவரும் பேசவில்லை.
ஹாஸ்டல் வாசலில்
"ஒன்றரை" என்றார்.
பேரம் பேசாமல் கொடுத்தேன்.
என் ஊசிக்கு அவர் ஒருநாளும் பேரம் பேசியதில்லை.

வியாழக்கிழமை கடைசி ஆளும் போனபிறகு
மெஷின்களைக் கழுவி, விளக்கை அணைக்கப் போனவள்
எடைமேடையைப் பார்த்தேன்.
செருப்பைக் கழற்றி ஏறினேன்.
ஜனவரி மெடிக்கலில் ஐம்பத்து நாலு.
அன்று யூனிஃபார்ம் சரியாகக் காயாமலே
உடுத்திக்கொண்டு வந்திருந்தேன்.

ஐம்பத்தொன்று,
ஈரத்தையும் சேர்த்து.